உலாக்கப்பல்களும் கப்பல் நோக்கர் குறிப்பேடுகளும்: டெட்ராய்ட் ஆற்று வரலாற்றில் ஓர் ஆய்வு

கப்பற் செலவினைப் பற்றி எழுந்த வரலாறுகள் பெரும்பாலும் வாணிகத்தையோ போரையோ பொருளாகக் கொண்டவை. ஒரு துறையில் ஏற்றிய சரக்கை மற்றொரு துறையில் இறக்குதலும், ஒரு நாட்டுப் படையை மற்றொரு நாட்டுக் கரையில் சேர்த்தலுமே அவற்றுட் பேசப்படும். ஆயினும், காலையிற் புறப்பட்ட துறைக்கே மாலையில் மீள்வதும், ஏற்றிச் சென்ற மக்களையே திரும்பக் கொணர்ந்து விடுவதும் அன்றி வேறு தொழில் இல்லாத கப்பல்களும் இருந்தன. உல்லாசப் பயண ஸ்டீமர் என அவற்றை வழங்குவர். உலா வருவோர் புறப்பட்ட இடத்திற்கே மீள்வராதலின், உலாக்கப்பல் எனச் சுருங்கக் கூறி மேற்செல்கின்றோம்.

இக்கப்பல்கள் ஆற்றிலும் ஏரியிலும் இயங்கியவை. ஆதலின், கடல் வரலாறு எழுதுவோர் இவற்றைப் பொருட்படுத்திலர். அரசியல் வரலாறு எழுதுவோரும் பொழுதுபோக்கு என ஒதுக்கினர். எனவே, இவற்றின் வரலாற்றைக் காத்தோர் யாவர் என வினவின், கப்பல்களைக் காண்பதிலும் குறித்து வைப்பதிலும் பேரார்வம் கொண்ட பொதுமக்களே என விடை கூறல் வேண்டும். அவர்களைக் கப்பல் நோக்கர் என ஈண்டுக் குறிப்போம். அவர்தம் குறிப்பேடுகள் எவ்வளவு நம்பத்தக்கன, அவை எதனைக் கூறும், எதனைக் கூறாதொழியும் என்பதை வட அமெரிக்காவின் டெட்ராய்ட் ஆற்றை இடமாகக் கொண்டு ஆராய்தலே எம் கருத்து.

டெட்ராய்ட் ஆறு செயின்ட் கிளேர் ஏரியையும் ஈரி ஏரியையும் இணைப்பது. ஒரு கரை அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மிச்சிகன் மாநிலம். மறு கரை கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, டெட்ராய்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 15 மைல் தொலைவில், கனடாவுக்கு உரிய சிறு தீவு ஒன்று உள்ளது. பிரெஞ்சுக்காரர் அதற்கு ‘புவா பிளாங்’ எனப் பெயரிட்டனர். வெண்மரம் என்பது அதன் பொருள். பிரெஞ்சு அறியாத மக்களின் நாவில் அப்பெயர் திரிந்து ‘பாப்-லோ’ என நின்றது. மரூஉ மொழிக்கு நம் இலக்கணத்தார் காட்டும் எடுத்துக்காட்டுகளோடு இதனையும் ஒருங்கு வைத்து எண்ணலாம். 1898 முதல் அத்தீவு கேளிக்கைப் பூங்காவாயிற்று. டெட்ராய்ட் நகரத் தொழிலாளர் குடும்பங்கள் கோடை நாள்களில் அங்குச் சென்று மீண்டன. அவர்களைக் கொண்டு செல்வதற்கென்றே 1902-இல் ‘கொலம்பியா’ என்னும் கப்பலும், 1910-இல் ‘செயின்ட் கிளேர்’ என்னும் கப்பலும் கட்டப்பட்டன.

இவ்விரண்டையும் வரைந்தமைத்தவர் பிராங்க் கெர்பி (1849–1929) என்னும் கப்பற் பொறியாளர். பேரேரிகளில் ஓடிய புகழ்மிக்க பயணக் கப்பல்கள் பல அவர் கைவண்ணம். இரண்டிலும் இயங்கியது மும்முறை விரிவுப் பொறி. கொதிகலத்தினின்று வரும் நீராவி முதற்கண் சிறிய உருளை ஒன்றில் விரிந்து தண்டினைத் தள்ளும். அழுத்தம் குறைந்த அந்நீராவியை வீணாக்காது அதனினும் பெரிய இரண்டாம் உருளைக்கும், பின்னர் மிகப் பெரிய மூன்றாம் உருளைக்கும் செலுத்தி வேலை வாங்குவர். கொலம்பியாவின் நீளம் 216 அடி. செயின்ட் கிளேரின் நீளம் 197 அடி. கொலம்பியாவின் மேல்தளம் ஒன்றில் நடன அரங்கும் இருந்தது. இவையெல்லாம் நாம் இன்று இத்துணைத் தெளிவாகக் கூறுவதற்குக் காரணர் கப்பல் நோக்கரே. அவர்தம் தொழிற்பாட்டை இனிச் சற்று விரித்துரைப்போம்.

பேரேரிப் பகுதியின் கப்பல் நோக்கர் ஆற்றங்கரையிலும், சூ செயின்ட் மேரி நகரின் மதகு வாயில்களிலும் நின்று, போகும் கப்பல்களைக் காண்பவர். தொலைவில் வரும் கப்பலை அதன் புகைபோக்கியின் நிறத்தாலும், அதன்மேல் தீட்டிய உரிமையாளர் குறியாலும் அறிவர். மூன்று நெடிய ஒலியும் இரண்டு குறிய ஒலியுமாக ஊதும் வணக்க ஊதலைக் கேட்டு மகிழ்வர். அவ்வார்வம் கண்ணோடும் செவியோடும் நின்றுவிடவில்லை. 1944-இல் கிளீவ்லாந்து நகரில் பேரேரி வரலாற்றுக் கழகம் தோன்றிற்று. மறு ஆண்டே ‘உள்நாட்டுக் கடல்கள்’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழை அது தொடங்கியது. டெட்ராய்ட் நகரிலும் அதே 1944-இல் கப்பல் வரலாற்றுக் கழகம் ஒன்று எழுந்தது. 1959-இல் டாம் மேன்ஸ் என்பார் ‘உங்கள் கப்பல்களை அறிந்துகொள்ளுங்கள்’ எனப் பொருள்படும் கையேட்டை வெளியிட்டார். அது ஆண்டுதோறும் வெளிவரும் நூலாக வளர்ந்தது.

தெற்கே ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. கப்பல் தலைவராகப் பணியாற்றிய பிரெடரிக் வே என்பார் 1939-இல் பழைய ஆற்றுக் கப்பலோட்டிகளின் வழித்தோன்றல்களைக் கூட்டி ஒரு சங்கம் நிறுவினார். 1983-இல் அவர் வெளியிட்ட பட்டியல் நூல், 1848 முதல் அந்நாள் வரை அவ்வாறுகளில் இயங்கிய ஏறத்தாழ 6000 நீராவிப் படகுகளை அகர வரிசையில் நிறுத்துகின்றது. பல்கலைக்கழகத்தார் கூட்டாக ஈடுபட்டும் முடித்தற்கு அரிய பணி அது.

இவர்தம் முறையும் போற்றற்குரியது. ஒரு கப்பல் கை மாறுந்தோறும் பெயர் மாறுவது உண்டு. ஒரே பெயரைப் பல கப்பல்கள் தாங்குவதும் உண்டு. ஆனால், அமெரிக்க அரசு பதிவு செய்யும்போது கொடுத்த எண் பெயரோடு சேர்ந்து மாறுவதில்லை. கப்பல் நோக்கர் அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு, கட்டிய தளம், ஆண்டு, நீள அகலம், எடை அளவு, பொறி, உரிமையாளர் வரிசை, இறுதியில் உற்ற கதி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பர். ஒரே பெயருடைய புலவர் பலரைப் பிரித்தறிய இடர்ப்படும் இலக்கிய வரலாற்றார்க்கு இத்தகைய எண் ஒன்று வாய்த்திருப்பின் எத்துணை வழக்குகள் தீர்ந்திருக்கும் என நாம் எண்ணாதிருக்க இயலவில்லை.

பொறியும் அளவும் பற்றிய இக்குறிப்புகள் மக்கள் வரலாற்றுக்குப் பயன்படா என யாரேனும் கருதின், சிகாகோ நகரில் 1915 ஜூலை 24-இல் நிகழ்ந்ததை நினைவு கூர்தல் நன்று. ‘ஈஸ்ட்லாந்து’ என்னும் உலாக்கப்பல், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிலாளரையும் அவர் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு, சிகாகோ ஆற்றின் துறையிற் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே ஒருபுறம் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் மாண்டனர். கரை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அக்கப்பல் நிலைப்பாடு குறைந்தது என்பது முன்னரே தெரிந்த செய்தி; அவ்வாண்டில் உயிர்காப்புப் படகுகளை அதன் மேல்தளத்தில் மிகுதியாக ஏற்றியது அதன் தலைப்பாரத்தை மேலும் கூட்டிற்று. டைட்டானிக் மூழ்கிய பின் உயிர் காக்கும் பொருட்டு எழுந்த விதி, ஆற்றில் ஓடும் கப்பலுக்கு இவ்வாறு பொருந்தாது போயிற்று. கப்பலின் உயரம், அகலம், சுமை ஆகியவற்றின் குறிப்பு இல்லையேல் அத்துயரின் காரணம் நமக்கு விளங்காது. ஆதலின் கப்பல் நோக்கர் ஏட்டை வெறும் எண்களின் குவியல் என இகழ்தல் பொருந்தாது.

ஆயினும், எந்த ஏடும் தன் நோக்கத்திற்கு ஏற்றவற்றையே கூறும். கோயிற் கல்வெட்டு விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் தொகையைக் கூறும். அவற்றை மேய்த்தவன் பட்ட பாட்டைக் கூறாது. கப்பல் நோக்கர் ஏட்டிலும் அத்தகைய வெற்றிடம் ஒன்று உண்டு. அதனை இரு செய்திகளை அருகருகே நிறுத்திக் காட்டுவோம்.

முதலாவது, 45 விநாடி பற்றியது. கெர்பி அமைத்த ‘டாஷ்மூ’ என்னும் பக்கச் சக்கரக் கப்பல் 1900 முதல் டெட்ராய்ட் ஆற்றில் உலாக்கப்பலாக ஓடியது. அதன் விரைவைப் பற்றிய பெருமிதத்தால் ‘சிட்டி ஆஃப் ஈரி’ என்னும் கப்பலுடன் 1901 ஜூன் 4-ஆம் நாள் ஈரி ஏரியில் போட்டி நிகழ்ந்தது. கிளீவ்லாந்திலிருந்து ஈரி நகரை நோக்கி இரண்டும் விரைந்தன. சிட்டி ஆஃப் ஈரி 45 விநாடி முந்தி வென்றது. தோல்வியின் காரணம் யாது என்னும் வினா அன்று முதல் கப்பல் நோக்கரிடையே ஓயவில்லை. கரைகளைக் கண்டு ஓட்டிப் பழகிய ஆற்றுக் கப்பலின் சுக்கானியர், கரை மறைந்த அகன்ற ஏரியில் திசைகாட்டியை மட்டும் நம்பி ஓட்டுவதில் தேர்ச்சி பெறாமையே காரணம் என்பர் சிலர். டாஷ்மூ 1936 ஜூன் 18-இல் பாறையில் மோதி, பயணிகள் அனைவரும் கரையேறிய பின் ஆம்ஹர்ஸ்ட்பர்க் துறையில் அமிழ்ந்தது. அதன் பின்னரும் அந்த 45 விநாடி மறக்கப்படவில்லை.

இரண்டாவது, 85 சென்ட் பற்றியது. அஃது ஒரு பயணச்சீட்டின் விலை.

1945 ஜூன் 21-ஆம் நாள், டெட்ராய்ட் படைக்கல அலுவலகத்திற் பணியாற்றிய இளம்பெண்கள் 13 பேர், தம் ஆசிரியையுடன் பாப்-லோ தீவுக்குச் செல்லத் துறைக்கு வந்தனர். அவ்வலுவலகச் சார்பில் நடைபெற்ற வகுப்பின் மாணவியர் அவர்கள். வகுப்பினரின் உலாவே அது. ஒவ்வொருவரும் 85 சென்ட் கொடுக்க, அவருள் ஒருவர் அனைவர்க்கும் போக்குவரவுச் சீட்டு வாங்கினார். வாயிலிற் சீட்டைக் கொடுத்துக் கொலம்பியாவின் மேல்தளத்திற்குச் சென்று அமர்ந்தனர். அவருள் ஒருவரே கறுப்பினப் பெண். பெயர் சாரா எலிசபெத் ரே. சிறிது நேரத்தில் கம்பெனியின் அலுவலர் இருவர் வந்து, கறுப்பினத்தார் ஆதலின் அவர் பயணம் செய்தற்கு இல்லை என்றனர். அவர் முதலில் மறுத்துரைத்தார். வலிந்து இறக்கப்படுவது உறுதி எனக் கண்டபின் எழுந்தார். கரையில், சீட்டு விற்கும் இடத்தில், அவருடைய 85 சென்ட்டைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. தம்மை இறக்கியவர்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்நகரத்தில் அது எளிய செயல் அன்று. ஈராண்டுகளுக்கு முன்னர், 1943 ஜூனில், டெட்ராய்ட் ஆற்றின் பெல் ஐல் என்னும் தீவில் தொடங்கிய இனக்கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தனர். அவருள் 25 பேர் கறுப்பினத்தார். ஆற்றங்கரையும் தீவும் கோடை உலாவும் யாருக்கு உரியன என்னும் வினா குருதியாலே எழுதப்பட்டிருந்த காலம் அது.

மிச்சிகன் மாநிலத்தின் குடியுரிமைச் சட்டம், பொது ஊர்திகளில் இன வேறுபாடு காட்டுதலைத் தடுத்திருந்தது. அதன்படி கம்பெனிக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கம்பெனியார் அச்சிறு தொகையைச் செலுத்திவிட்டு அமைந்திருக்கலாம், அமையவில்லை. தீவு கனடாவில் உள்ளது. எனவே கப்பல் செய்வது அயல்நாட்டு வாணிகம். அதனை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவணரசுக்கே அன்றி மாநிலத்துக்கு இல்லை என வாதிட்டு, வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றனர்.

இவ்வாதம் அவர்கள் புதிதாகக் கண்டது அன்று. அதற்குப் பழைய கப்பல் ஒன்றே சான்றாக நின்றது. 1872-இல் ஜோசபின் டெக்யூர் என்னும் கறுப்பின மரபினர், நியூ ஆர்லியன்சிலிருந்து மிசிசிப்பியில் ‘கவர்னர் ஆலன்’ என்னும் நீராவிப் படகிற் பயணம் செய்தார். வெள்ளை மகளிர்க்கு ஒதுக்கிய அறையில் இடம் மறுக்கப்பட்டமையால் லூசியானா மாநிலச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்து, மாநில மன்றங்களில் 1000 டாலர் இழப்பீடு பெற்றார். அவர் ஏறிய துறையும் இறங்கவிருந்த துறையும் லூசியானாவிலேயே இருந்தன. எனினும், படகு மாநில எல்லையைக் கடந்து செல்வது. ஆதலின், மாநிலச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது என 1878-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிற்று. எல்லை கடந்த நீர்வழி என்பது உரிமையை மறுப்பதற்கு ஓர் ஒதுங்கிடம் ஆயிற்று. அந்நிழலிலேயே பாப்-லோ கம்பெனியாரும் ஒதுங்க முயன்றனர்.

1948 பிப்ரவரி 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எழுவர் மாநிலச் சட்டம் செல்லும் என்றனர், இருவர் மறுத்தனர். பெரும்பான்மையோர் சார்பில் எழுதிய நீதிபதி ரட்லெட்ஜ், கப்பலின் செலவையே கூர்ந்து நோக்கினார். இக்கப்பல்கள் சரக்கு ஏற்றுவதில்லை. அஞ்சல் கொண்டு செல்வதில்லை. இடையில் எத்துறையிலும் நிற்பதில்லை. டெட்ராய்டில் ஏறியவரையே டெட்ராய்டில் இறக்கும். தீவின் நிலமும் பெரும்பாலும் கம்பெனிக்கே உரியது. அரசியல் எல்லையால் அது கனடா ஆயினும், பொருளாலும் வாழ்க்கையாலும் டெட்ராய்ட் நகரத்தின் கேளிக்கைப் புறச்சேரியே என முடிவு செய்தார். பழைய மிசிசிப்பி வழக்கு இதற்குப் பொருந்தாது எனவும் வேறுபடுத்தினார். நீதிபதி ஜாக்சன் எழுதி, தலைமை நீதிபதி வின்சன் உடன்பட்ட மறுப்புரை, அயல்நாட்டுக்குச் செல்வது எவ்வாறாயினும் அயல்நாட்டு வாணிகமே எனச் சட்டத்தின் சொல்லிலே நின்றது. அவ்வாதம் வலுவற்றது எனக் கூறுதற்கில்லை. ஆனால், அதன் பயன் சாரா ரே துறையிலேயே நிற்க வேண்டும் என்பதாகும்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. புறப்பட்ட துறைக்கே மீளும் என்பதால் உலாக்கப்பலை வரலாற்றார் சிறுமையாகக் கருதினர். அவ்வியல்பே இவ்வழக்கின் தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. கொலம்பியா கனடாவில் ஒருவரை இறக்கி வேறொருவரை ஏற்றி வரும் வாணிகக் கப்பலாக இருந்திருப்பின், வாதம் வேறு வழியிற் சென்றிருக்கக் கூடும். கப்பலின் வகையை அறியாமல் வழக்கின் நுட்பத்தை அறிதல் இயலாது. வழக்கை அறியாமல் அக்கப்பலின் வரலாற்றை முழுமை எனக் கூறலும் இயலாது.

இனி, தீர்ப்பினைப் படிப்போர்க்குக் கொலம்பியாவின் நீளமோ பொறியின் வகையோ அதிற் கிடையா. கப்பல் நோக்கர் பட்டியலைப் படிப்போர்க்கு, அதன் கட்டமைப்புப்படி, பயணியரைப் பற்றி எழுதுவதற்கு இடமே இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்பது அங்கு உண்டு. யார் ஏறலாகாது என்பது இல்லை. இதனை அவ்வார்வலர் வேண்டுமென்றே மறைத்தனர் எனக் கூறுவது மிகையாகும். ஆயினும், அவர்கள் குற்றமே அற்றவர் எனவும் எம்மால் கூற இயலவில்லை. இளமையிற் கண்ட கப்பலின்மேல் கொண்ட அன்பே அவர்களை எழுதத் தூண்டியது. அவ்விளமையில் கப்பலில் ஏற இடம் பெற்றவர்களே பின்னர் அன்போடு எழுதும் வாய்ப்பும் பெற்றார்கள். ஏற இடம் பெறாதவர் கப்பலின் ஊதலைக் கரையில் நின்று கேட்டிருப்பர். அவர் குறிப்பேடு எழுதக் காரணம் யாது?

மிசிசிப்பியில் இந்நிலை மேலும் வியப்புக்குரிய வடிவம் கொண்டது. அங்கு ஸ்ட்ரெக்பஸ் குடும்பத்தார் உலாக்கப்பல்கள் நடத்தினர். பேட் மாரபிள் என்னும் கறுப்பின இசைத்தலைவரின் குழு அவற்றில் இசைத்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் பெருங்கலைஞர் 1919 முதல் 1921 வரை அக்குழுவில் ஊதுகொம்பு வாசித்தார். இசைப்போர் கறுப்பினத்தார், ஆடுவோர் வெள்ளையர். செயின்ட் லூயிஸ் நகரில் திங்கட்கிழமை இரவுகள் மட்டும் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஒரே கப்பலில் இசைக்கு இருந்த இடம் இசைத்தவனின் சுற்றத்துக்கு வாரம் ஓர் இரவே கிடைத்தது.

டெட்ராய்டுக்கு மீள்வோம். கெர்பி அமைத்து 1912-இல் ஓடத் தொடங்கிய ‘சிட்டி ஆஃப் டெட்ராய்ட் III’ என்னும் பெருங்கப்பல் 1950-களில் உடைக்கப்பட்டபோது, அதன் மரவேலைப்பாடு மிக்க புகைபிடி அறை காக்கப்பட்டு, பெல் ஐல் தீவில் 1960-இல் திறக்கப்பட்ட டாசின் காட்சிச்சாலையில் மீண்டும் பொருத்தப்பட்டது. கொலம்பியாவும் செயின்ட் கிளேரும் 1991 வரை பாப்-லோ தீவுக்கு ஓடின. 1992-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தீவின் பூங்கா 1993-இல் மூடப்பட்டது. செயின்ட் கிளேரைப் பழுதுபார்த்துக் காக்க ஆர்வலர் பல்லாண்டு முயன்றனர். 2018 ஜூலை 6-இல் அதன் மரத்தளங்களைத் தீ முற்றும் உண்டது. கொலம்பியா 2014-இல் டெட்ராய்டிலிருந்து டொலிடோவுக்கும், 2015-இல் பஃபலோவுக்கும் இழுத்துச் செல்லப்பட்டது.

சாரா எலிசபெத் ரே, மணம் செய்துகொண்டு லிஸ் ஹாஸ்கெல் என்னும் பெயரால் டெட்ராய்டிலேயே வாழ்ந்தார், கணவருடன் சேர்ந்து ‘ஆக்‌ஷன் ஹவுஸ்’ என்னும் சமுதாய நிலையத்தை நடத்தினார், 2006-இல் மறைந்தார். வழக்கின் பெயரில் கம்பெனியின் பெயரும் மாநிலத்தின் பெயரும் நின்றன. அவர் பெயர் நிற்கவில்லை. பெயர் மாறியவரைத் தொடர்ந்து அறிவதற்குக் கப்பல்களுக்கு உள்ளதுபோல் மாறா எண்ணும் அவர்க்கு இல்லை. அண்மைக் காலத்தில், பாப்-லோ கப்பல்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று அவரது வரலாற்றையும் கப்பலின் வரலாற்றோடு சேர்த்தே கூறியது.

கப்பல் நோக்கர் பட்டியல் முறையிலேயே கொலம்பியாவுக்குரிய பதிவை எழுத நேரின், இவ்வாறு எழுதுவோம்: கட்டிய ஆண்டு 1902, அமைத்தவர் கெர்பி, நீளம் 216 அடி, பொறி மும்முறை விரிவு, தொழில் டெட்ராய்ட் – பாப்-லோ உலா, 1945 ஜூன் 21, சீட்டு வாங்கி மேல்தளத்தில் அமர்ந்த பயணி சாரா எலிசபெத் ரே இறக்கப்பட்டார், 1948 பிப்ரவரி 2, அவ்வாறு இறக்கியது தவறு எனத் தீர்ப்பு, 1991, உலா நின்றது.